ஒரு மாதமாகச் செத்துக்கொண்டிருந்த எலி

முன்பெல்லாம் ஒருவன் குடியை விட்டான் என்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கே அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவும் அவனாகச் சொல்ல மாட்டான். 'என்னடா, கொஞ்ச நாளா வேலி ஓரத்துல வுழுந்து கெடக்கக் காணோமே' என்று இவர்களாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது அப்படியா? விடுவதற்கு முந்தின நாளே போட்டோ போட்டுவிடுகிறார்கள். விடியற்காலை எழுந்தால் போட்டோ. பச்சைத் தண்ணீரில் குளித்தால் போட்டோ. பெற்ற தாய்க்கு ஒரு வாய் சோறு போட்டால் அதற்கும் போட்டோ, அடியில் இரண்டு கும்பிடு பொம்மை. திருந்துகிறவனைவிடத் திருந்திவிட்டேன் என்று தண்டோரா போடுகிறவன்தான் நாட்டில் அதிகம் என்பது குழந்தைவேலின் கட்சி.

அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். செட்டிகுளம் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி, கொஞ்சம் கிணற்றுப் பாசனம், இரண்டிலும் சின்ன வெங்காயம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நம்பியது தன் கண்ணையும் மூக்கையும் மட்டும்தான். இந்த வயதில் கண் மங்கிவிட்டதால் பாரம் முழுவதும் மூக்கின் மேல் விழுந்திருந்தது. வாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றும்போதே அவன் பெண் கேட்க வந்தவனா, ஓட்டுக் கேட்க வந்தவனா என்று மோந்து சொல்லிவிடுவார். 'என்னய எவனும் ஏமாத்த முடியாது' என்பது அவர் தினமும் சொல்லும் சுலோகம்.

இன்றைய எரிச்சலுக்குக் காரணம் மருமகன் திருமுருகன். சனிக்கிழமை காலை மாமியாருக்குப் போன் போட்டிருந்தான்.

"அத்தை, நான் முழுசா மாறிட்டேன். நாளைக்கு வந்து அம்பிகாவ அழச்சுகிட்டுப் போறேன்."

பச்சையம்மாள் இதை வந்து சொன்னதும் குழந்தைவேல் வெற்றிலையைத் துப்பினார்.

"எத்தன மணிக்கு மாறுனானாம்?"

"பெரம்பலூர்ல கல்யாண மண்டபத்துல மூணு நாளு முகாமாம். கோவத்த வெட்டி எடுத்துட்டாங்களாம்."

"அப்ப தையல் போட்டுருப்பாங்க. வரட்டும், பாக்கலாம்."

திருமுருகனுக்குப் பூர்வீகம் திருமானூர். அரியலூரில் கம்பி, சிமெண்டுக் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி மூன்று வருடம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோபம் உண்டு. பெண்டாட்டி மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆனால் கைக்குக் கிடைத்த எதுவும் அந்த வீட்டில் முழுசாக இருந்ததுமில்லை. ரிமோட், சீப்பு, குக்கர் மூடி எல்லாம் பறந்திருக்கின்றன. சித்திரை மாதம் ஒருநாள் ரசத்தில் உப்பில்லை என்று தட்டைச் சுவரில் வீசினான். அம்பிகா சுவரைத் துடைக்கவில்லை. ரசம் கோடு கோடாக வழிவதை நின்று பார்த்தாள். பிறகு நாலு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது வைகாசி பிறந்தாயிற்று.

இன்னொரு தட்டு பறக்குமா, பறக்காதா? பறக்கும் என்றால் அவள் போகப் போவதில்லை. இதைத் தெரிந்துகொள்ள வழி என்ன என்பதுதான் வீட்டில் எல்லோருடைய யோசனையும். அம்பிகா அப்பனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள்:

"நான் என் கண்ணால பாத்துதாம்பா முடிவு பண்ணுவேன். நீ நடுவுல பூந்துராத."

குழந்தைவேலைப் பொறுத்தவரை முடிவு எப்போதோ ஆகிவிட்டது. வீசின கை திரும்பவும் வீசும். மகள் இங்கேயே இருக்கட்டும். அவள் வந்த பிறகு அவருக்குக் காலையில் குளிக்கச் சுடச்சுட வெந்நீர் கிடைத்ததும், கருவாட்டுக் குழம்பு பக்குவமாகக் கொதித்ததும் இந்தக் கணக்கில் சேராது என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். யாரும் கேட்காதபோதே இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் வெங்காயப் பட்டறை நின்றது. கல் வைத்து, மேலே குச்சி பரப்பி, தாளோடு காயைக் குவித்து, சுற்றிலும் சோளத்தட்டை அடைத்து, கரும்புச் சோகையால் கூரை போட்ட பட்டறை. மாசியில் போட்டது. காற்று உள்ளே ஓடினால் நாலைந்து மாதம் கெடாது. ஆனால் சித்திரைக் கோடை மழை இந்த வருடம் சாய்த்து அடித்துவிட்டது. மழை விட்ட சில நாளில் பட்டறைப் பக்கம் ஒரு வாசனை கிளம்பியது.

"பட்டறை உள்ள சூடேறி வேவுதுங்க. பிரிச்சுப் பாத்துருவோம்" என்றாள் பச்சையம்மாள்.

"எலி செத்துருக்கும்" என்றார் குழந்தைவேல்.

பெரம்பலூர் வியாபாரி வந்து, வழக்கப்படி நடுப் பட்டறையில் கையை விட்டுச் சூடு பார்க்கப் போனான். "எம் பட்டறைல கைய விட்டுப் பாக்க நீ என்ன டாக்டரா?" என்று ஊரே கேட்க அவனை அனுப்பிவிட்டார். விலை ஏறும்போது பிரிப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன பிறகு பிரிக்க முடியுமா? அதன் பிறகு அவர் கட்டிலை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வருகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. திருமுருகன் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டு. முகத்தில் ஒரு சிரிப்பு. வந்ததற்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வரும்போதே போட்டுக்கொண்டு வந்த சிரிப்பு. கூடவே கழுத்தில் அட்டை தொங்க ஒரு ஆள் இறங்கினான். கையில் போன் இருந்தது. போன் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வணக்கம் மாமா. இவருதான் எங்க கோச், அமிர்தலிங்கம் சார். என்னோட மாற்றத்த வீடியோவா எடுக்க வந்துருக்காரு."

குழந்தைவேல் கோச்சைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ முன்ன ஒரு தடவ ஊர் ஊரா முதுகுவலிக்கு பெல்ட்டு வித்துகிட்டு வந்தல்ல?"

அமிர்தலிங்கம் அசரவில்லை. "அது என் பயணத்துல ஒரு கட்டம்ங்க ஐயா."

"எனக்கு இன்னும் முதுகு வலிக்குது."

"வலிய வலின்னு பாக்காதீங்க ஐயா. ஒரு செய்தின்னு பாருங்க."

"செய்திதான். தெனமும் ராத்திரி வாசிக்குது."

பச்சையம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். திருமுருகன் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தான். அம்பிகா உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். அதற்கு அவன் சொன்ன பதில்:

"நான் இப்ப கோவத்த வெளிய நின்னு பாக்குறேன் அம்பிகா. அது மேகம் மாரி வருது, போவுது. நான் வானம்."

பச்சையம்மாள் வானத்தைப் பார்த்தாள்; மேகம் எதுவும் இல்லை.

"வூடு எப்புடி இருக்கு?" என்றாள் அம்பிகா.

"ஹால் சொவத்துக்குப் புது பெயிண்ட் அடிச்சுருக்கேன். 'நான் அமைதி'ன்னு பெருசா எழுதிருக்கேன்."

"தொடச்சுட்டு அடிச்சீங்களா, அப்புடியே அடிச்சீங்களா?"

திருமுருகன் சிரிப்பு மாறாமல் கோச்சைப் பார்த்தான். கோச், "கடந்ததத் தொட வேண்டாம் மேடம்" என்றான்.

இவ்வளவும் பார்த்த குழந்தைவேலுக்கு மூக்கு துடித்தது. மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போனார். ரசச் சட்டி இறக்கி வைத்திருந்தது. பச்சையம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ரசத்துல உப்பு போடாத" என்றார் காதோரம்.

"போட்டாச்சு. ஏன்?"

"அன்னிக்கு உப்பில்லன்னுதான வீசுனான். இன்னிக்கும் வீசுறானான்னு பாக்கணும்."

"மாப்ளைக்குப் போட்ட சோத்துல வெளையாடுவாங்களா? போங்க அங்குட்டு."

அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்ட நேரத்தில் குழந்தைவேல் உப்பு ஜாடியில் கையை விட்டு ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டார். போட்ட உப்பை எடுக்க முடியாது, சேர்க்க முடியும். சோதனை சோதனைதானே.

பந்தி நடந்தது. சாம்பார் வரைக்கும் ஒன்றுமில்லை. ரசம் வந்தது. கோச் ஒரு வாய் வைத்தான். கண் இரண்டும் கலங்கின. "கிராமத்து ருசியே தனி" என்று சொல்லித் தண்ணீரைத் தேடினான். திருமுருகன் பிசைந்து ஒரு கவளம் வைத்தான். தாடை நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. குழந்தைவேல் மருமகன் தட்டுக்குப் பக்கத்திலிருந்து காலை நகர்த்திக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. திருமுருகன் இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். விட்டான். அடுத்த கவளம்.

"ரசம் எப்புடிங்க இருக்கு?" என்றாள் அம்பிகா.

"அருமையா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

கோச் போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தான். "நண்பர்களே, கவனியுங்க. இதே மனிதர்தான், இதே ரசம்தான்."

அம்பிகா கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பிவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

"வாயில வைக்க முடியல. கழுநீர்ப் பானைல ஊத்துனா மாடு குடிக்காது. அருமைங்கறீங்க" என்றாள் அம்பிகா. குரல் உயரவில்லை. "அன்னிக்கு வீசுன மனுசனுக்கு நாக்காச்சும் உண்மையா இருந்துது. இப்ப அதுவும் போயிட்டா நான் எத வச்சு உங்கள நம்புறது? நான் வரல. நீங்க சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

"மேடம், மாற்றத்த ஏத்துக்க உங்களுக்குள்ள ஒரு தடை இருக்கு" என்றான் கோச்.

"தடை இருக்கட்டும். உங்க தட்டுல இன்னும் ரசம் இருக்கு, குடிங்க சார்."

குழந்தைவேலுக்குத் தொட்டிலில் போட்டு ஆட்டினாற்போல் இருந்தது. தன் மூக்கை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. கை கழுவப் போன மருமகனுக்கு அவரே சொம்பை நீட்டினார்.

கை கழுவுகிற கல் பட்டறைக்குப் பக்கம். காற்று அந்த நேரம் பார்த்துத் திரும்பியது. திருமுருகன் மூக்கைச் சுளித்தான். அன்று காலையிலிருந்து அந்த முகத்தில் வந்த முதல் உண்மையான சுளிப்பு அதுதான்.

"மாமா, என்ன இப்புடி நாறுது? பட்டறை அழுவிப் போச்சு போலருக்கே."

"எலி செத்துருக்கும்."

"ஒரு மாசமா அந்த எலி செத்துகிட்டே இருக்கு தம்பி" என்றாள் பின்னால் வந்த பச்சையம்மாள்.

"எங்கப்பாவும் வெங்காயம் போட்டவருதான் மாமா. இது எலி இல்ல. இன்னிக்கே பிரிச்சாப் பாதியாவது தேறும்."

"என்னோட பட்டறையப் பத்தி எனக்குத் தெரியும். மேல் காயப் பாருங்க, எப்புடி செவசெவன்னு இருக்கு."

"மேல நல்லாத்தான் இருக்கும். உள்ள?"

கோச்சுக்கு இங்கே ஒரு வாய்ப்புத் தெரிந்தது. ஒரு கையில் போனும் இன்னொரு கையால் மூக்கும் பிடித்துக்கொண்டு வந்தான். "திருமுருகன், நெகட்டிவ் எண்ணம் வேண்டாம். ஐயா நம்பிக்கையா இருக்காரு. வெங்காயம் நல்லா இருக்குன்னு முழுசா நம்புனா அது நல்லாத்தான் இருக்கும்."

குழந்தைவேல் கோச்சைத் திரும்பிப் பார்த்தார். பெல்ட்டு விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது. "பாத்தீங்களா? படிச்சவரு சொல்றாரு" என்றார். வாழ்நாளில் படித்தவன் பேச்சை அவர் சாட்சிக்கு இழுத்தது அதுதான் முதல் தடவை.

"சார் மண்டபத்துல பேசுறவரு. இது காயி மாமா. நம்புனாலும் அது கேக்காது."

"நீங்க தட்டு வீசுறதுல கெட்டி, அதப் பத்திச் சொல்லுங்க கேட்டுக்கறேன். எம் பொண்ணு வாழ்க்கைய அழுவ வச்சுட்டு எங் காய மோந்து பாக்க வந்துட்டீங்க."

திருமுருகனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை விரல்கள் தேடிக்கொண்டு ஒன்று சேர்ந்தன.

"என்ன, வெரல ஒட்டிகிட்டா எல்லாம் சரியாயிருமா?" குழந்தைவேல் விடவில்லை. "வானமாம், மேகமாம். அரியலூர் பஸ் ஸ்டாண்டுல கிளி சீட்டு எடுக்கும், அதுகூட இதவிட நல்லாப் பேசும். ஒங்கப்பன் வெங்காயம் போட்டவரா? போட்டு என்ன கண்டாரு, கடைசில நெலத்த..."

சொம்பு மேலே போனது.

திருமுருகனின் வலது கை காதுக்கு மேலே சொம்போடு நின்றது. தண்ணீர் அவன் சட்டையிலேயே கொட்டியது. "எங்கப்பாவப் பேசாதய்யா!" என்று அவன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எழுந்தது. மருமகன் வாயிலிருந்து மரியாதை போய்விட்டது, சிரிப்பும் போய்விட்டது. முகம் பழைய முகம். சித்திரை மாதத்து முகம்.

"வெரலு! வெரலு! மூச்சு!" என்று கத்தினான் கோச்.

"நீ சும்மா இருய்யா!"

அம்பிகா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நகரவில்லை. சுவரில் ரசம் வழிந்தபோது எப்படி நின்று பார்த்தாளோ அப்படியே நின்று பார்த்தாள்.

சொம்பு அங்கேயே இருந்தது. பிறகு அந்தக் கை, கனமான எதையோ இறக்குவதுபோல் மெதுவாக இறங்கியது. திருமுருகன் குனிந்து சொம்பைத் தரையில் வைத்தான். வைத்த பிறகும் விரலை எடுக்கத் தெரியாதவன்போல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"பாத்தியா!" என்றார் குழந்தைவேல். "வெட்டி எடுத்துட்டாங்களாம்! வேரு அப்புடியே இருக்கு. பாத்துகிட்டல்ல ஆயி?"

"பாத்தேம்ப்பா."

கோச் போனைத் தடவிக்கொண்டிருந்தான். "அந்தச் சொம்பு வர்ற எடத்த வெட்டிறலாம், பிரச்சனை இல்ல" என்று தனக்குத்தானே சொன்னான். சாயங்காலம் எறையூரில் கரும்பு விவசாயிகளின் மனபாரத்தை இறக்கி வைக்கிற நிகழ்ச்சி இருக்கிறதாம். திருமுருகன் இல்லாமலே கார் கிளம்பிப் போனது. யாருடைய பாரமோ, முதலில் காருடைய பாரம் குறைந்தது.

குழந்தைவேல் மறுபக்கத்துக் கட்டிலில் சாய்ந்தார். மருமகன் இந்நேரம் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியிருப்பான் என்று கணக்குப் போட்டார். கண் அசந்த நேரத்தில் சோளத்தட்டை சரசரக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தால் திருமுருகன் நிற்கிறான். தலையெல்லாம் ஈரம், தெருக்குழாயில் தலையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறான். சிரிப்பு இல்லை. வெள்ளைச் சட்டை வேப்பங்கிளையில் தொங்கியது. அம்பிகாவிடம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் நடுங்குது, பாரு. ஏதாச்சும் வேல குடு. சும்மா இருந்தா மறுபடி வந்துரும்."

அம்பிகா அரிவாளை எடுத்தாள். பட்டறைக் கயிற்றில் வைத்தாள்.

"ஏய், யாரக் கேட்டுப் பிரிக்கிற?" என்று ஓடிவந்தார் குழந்தைவேல்.

"நாத்தத்தக் கேட்டுப்பா" என்று சொல்லி அறுத்தாள்.

சோளத்தட்டை சாய்ந்தது. மேல்காய் செக்கச்செவேல் என்று சரிந்து விழுந்தது. "நான் சொல்லல?" என்றார் குழந்தைவேல். அதற்குக் கீழே கையை விட்ட திருமுருகன் வெடுக்கென்று எடுத்தான். உள்ளே சூடு, அடுப்புச் சாம்பல்போல். இன்னும் ஒரு அடுக்கு சரிந்ததும் நடுவிலிருந்து ஆவி கிளம்பியது. கூடவே அந்த வாசனை, இத்தனை நாள் அடைத்து வைத்த அத்தனையும் சேர்ந்து. பச்சையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். காய் காயாக இல்லை, கூழாக ஒழுகியது.

"ஓரத்துல கொஞ்சம் பட்டுருக்கு" என்றார் குழந்தைவேல்.

"இது நடுவுங்க" என்றாள் பச்சையம்மாள்.

"நடுவுல கொஞ்சம் பட்டுருக்கு."

"எலியக் காணோமே" என்று அவள் குச்சியால் கிளறினாள். "பெரிய எலியா இருக்கும். எங்க போச்சு?"

பாதி போச்சு என்ற சொல் மட்டும் குழந்தைவேலின் வாயில் வரவே இல்லை. 'இந்த வாரம் நானே பிரிக்கிறதாத்தான் இருந்தேன்' என்று ஒரு தரம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை என்பதால் அவரே அதை நம்பத் தொடங்கினார்.

வெயில் சாயும் வரை அம்பிகாவும் திருமுருகனும் எதிரெதிரே உட்கார்ந்து நல்ல காயை ஒரு பக்கமும் அழுகலை ஒரு பக்கமும் பிரித்தார்கள். குழந்தைவேல் வேப்பமரத்துக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கவில்லை, காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

"ரசம் கரிச்சுதுதான்" என்றான் திருமுருகன்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"கரிக்குதுன்னு வாயத் தொறந்தா, அது எங்க போயி நிக்கும்னு பயமா இருந்துது."

"எனக்கு பயமா இருக்கும்னா?"

"எனக்கு. என்னப் பாத்து எனக்கு." காயைத் தேய்த்து மண்ணைத் துடைத்தான். "மண்டபத்துல எல்லாரும் கை தட்டுனாங்க. போயிருச்சுன்னு சொன்னாங்க. நானும் போயிருச்சுன்னுதான் நெனச்சேன். இன்னிக்குக் காலைல கண்ணாடிய பாத்துச் சிரிச்சுப் பாத்துகிட்டேதான் வந்தேன்."

"நல்லாவே இல்ல அந்தச் சிரிப்பு. பல்லு வலி வந்தவராட்டம் இருந்தீங்க."

அவன் மூக்கால் லேசாகச் சிரித்தான்.

"சொவரு?" என்றாள்.

"தொடைக்காமத்தான் அடிச்சேன். ரெண்டே நாள்ல மஞ்சள் தெரிய ஆரம்பிச்சுருச்சு. 'நான் அமைதி'ங்கற எழுத்துக்கு நடுவுல கோடு கோடா எறங்குது. இன்னொரு தடவ அடிச்சேன். மறுபடியும் தெரியுது."

"இப்பயும் கோவம் வருதுல்ல?"

"வருது. அது போவல அம்பிகா. அந்தாளு... மாமா பேசுனப்ப கை மேல போயிருச்சு. வீசத்தான் போனேன். நீ நிக்கிறது தெரிஞ்சுது. கீழ வச்சேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுருக்கு. நாளைக்கு வைப்பேனான்னு சத்தியம்லாம் பண்ண முடியாது. வச்சுப் பாக்குறேன்."

அம்பிகா ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். மேலே நன்றாக இருந்தது. அமுக்கின இடத்தில் விரல் உள்ளே போனது. அழுகல் பக்கம் எறிந்தாள். வேறு ஒன்றை எடுத்தாள். அது தோல் உரிந்து கறுத்திருந்தாலும் கெட்டியாக இருந்தது. நல்ல காய் பக்கம் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கை கழுவிவிட்டு வந்து அப்பனிடம் சொன்னாள். "காலைல மொத பஸ்ஸுக்கு நான் அவருகூடப் போறேம்ப்பா."

குழந்தைவேலுக்கு வெற்றிலை தொண்டையில் மாட்டிக்கொண்டது. "ஏண்டி, சொம்பத் தூக்குனத கண்ணால பாத்துட்டுமா?"

"கீழ வச்சதையும் பாத்தேம்ப்பா. மூணு வருசத்துல இதுக்கு முன்ன அவரு எதையும் கீழ வச்சதில்ல."

"நாளைக்கு வீசுனா?"

"வீசுனா வந்துருவேன். பையி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸு எத்தன மணிக்குன்னும் தெரியும். போனதும் மொத வேலையா அந்தச் சொவத்தச் சொரண்டணும். நான் சொரண்ட மாட்டேன், அவருதான்னு சொல்லிட்டேன்."

"மூணு நாளு மண்டபத்துல ஒக்காந்தா மனுசன் மாறிருவானா?"

"மண்டபத்துல ஒண்ணும் மாறல. அது எனக்கும் தெரியும். இங்க, அந்தக் கல்லுகிட்ட கொஞ்சம் மாறுனாரு. நெல்லுமணி அளவு இருக்கும்."

"நெல்லுமணிய நம்பிப் போறியா?"

"நீ இவ்வளவு பெரிய எலிய நம்பி ஒரு மாசம் இருந்தல்லப்பா?"

பச்சையம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கிவிட்டது. குழந்தைவேல் மறுபக்கத்துக் கட்டிலுக்கே போய்ச் சாய்ந்தார்.

காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரும் போனார். வழியனுப்பவில்லை, அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று பச்சையம்மாள் கேட்கவில்லை. திருமுருகனின் வெள்ளைப் பேண்டில் வெங்காயக் கறை திட்டுத் திட்டாக இருந்தது. துவைத்தும் போகவில்லை. ஏறுவதற்கு முன் கிட்டத்தில் வந்து நின்றான்.

"மாமா, நேத்து மரியாத இல்லாமப் பேசிட்டேன். அது தப்பு. நீங்க எங்கப்பாவப் பேசுனதும் தப்புதான்."

இப்படிச் சிரிக்காமல், விரலை ஒட்டாமல், முகத்துக்கு நேராகச் சொன்னால் என்ன பதில் சொல்வது? குழந்தைவேல் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். மோந்து பார்த்தார். வெங்காய அழுகல் வாசனையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அது அவன் மேலிருந்து வருகிறதா, தன் மேலிருந்து வருகிறதா என்றும் பிடிபடவில்லை.

"பஸ்ஸு வருது, ஏறுங்க" என்றார்.

ஜன்னலிலிருந்து அம்பிகா கையை ஆட்டினாள். பஸ் பெரம்பலூர்ப் பக்கம் திரும்பியது.

"மூஞ்சிய ஏன் அப்புடி வச்சுருக்கீங்க? நல்லாருப்பா அவ" என்றாள் பச்சையம்மாள்.

"ஆறு மாசம்லாம் எதுக்கு? ஆடி வரைக்கும்கூடத் தாங்காது, பாத்துகிட்டே இரு. ஒரு சொம்பக் கீழ வச்சுட்டா திருந்திட்டான்னு அர்த்தமா? கை வலிச்சு வச்சுருப்பான்."

"நம்ம சொம்புல கால்வாசிதான் தண்ணி இருந்துது."

"தண்ணி இல்லாட்டியும் பித்தளை கனக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

வரப்போரம் நேற்று கொட்டின அழுகல் காய் குவியலாகக் கிடந்தது. ஈ மொய்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, காத்து திரும்புனாலே கொடல் பொரட்டுது? என்ன நாத்தம் இது?"

குழந்தைவேல் குவியலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எலி ஏதாச்சும் செத்துருக்கும்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடையைக் கட்டினார்.